செம்பும் பித்தளையுந் தெய்வத் திருமேனியும்

உலோகத்தை உருக்கி மனிதன் தன் கையால் வார்த்தெடுத்த ஓர் உருவம் வணங்கத்தக்கதாவது எங்ஙனம் என்னும் வினா எமது நாட்டிற்குப் புதியதன்று. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்த மிஷனரிமார் தம் பிரசங்கங்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் அதனை இடையறாது எழுப்பினர். மிஷன் பாடசாலைகளிற் பயின்ற எம்போன்றோரும் வேதாகம வகுப்பில் ஏசாயா தீர்க்கதரிசியின் நாற்பத்து நான்காம் அதிகாரத்தைக் கேட்டே வளர்ந்தோம். ஒரே மரத்தின் ஒரு பாதியை அடுப்பில் எரித்துக் குளிர்காய்ந்து, மற்றப் பாதியைத் தெய்வமாக்கி அதன் முன் விழுபவனைத் தீர்க்கதரிசி எள்ளி நகையாடும் பகுதி அது. அதனைக் கேட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பிச் சுவாமி அறையிலிருக்கும் பித்தளைப் பிள்ளையாரைப் பார்க்கும் மாணவன் மனத்தில் ஒரு சங்கடம் உண்டாதல் இயல்பே.

அச்சங்கடத்தை எமக்கு முன்னரே நேர்நின்று எதிர்கொண்டவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822-1879). அவரும் மிஷன் பாடசாலையிற் பயின்றவர். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உறுதுணையாய் நின்றவர். ஆதலின், 1854 இல் வெளிவந்த 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலில், எருசலேம் ஆலயத்து வழிபாட்டுக் கிரியைகளையும் சைவக் கிரியைகளையும் அருகருகே வைத்துக் காட்டுதல் அவருக்கு இயன்றது. வேதாகமத்தைப் பொறுமையுடன் படிப்போர்க்கு வெண்கலம் அந்நியப் பொருளன்று. சாலொமோன் அரசனின் ஆலயத்துக்கு வேண்டிய வெண்கலப் பணிமுட்டுகள் யோர்தான் நதியோரத்துக் களிமண் தரையில் வார்க்கப்பட்டன என்று அந்நூலே கூறுகின்றது. மோசே வனாந்தரத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தை நோக்கியவர்கள் பிழைத்தனர். பல நூற்றாண்டு கழித்து மக்கள் அதற்குத் தூபங்காட்டினர் என்று எசேக்கியா அரசன் அதே சர்ப்பத்தை உடைத்தான். உயர்த்தப்பட்டதும் உடைக்கப்பட்டதும் ஒரே வெண்கலந்தான். மாறியது உலோகமன்று, மக்கள் அதனோடு கொண்ட உறவே.

இவ்வுறவின் வரலாற்றையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம். சமயவாதம் எமது நோக்கமன்று. அதற்கு எம்மினும் வல்லார் பலருளர்.

கருவறையில் நிலைபெற்ற கல் மூர்த்தி அசைவதில்லை. அடியார் அங்கே சென்று தொழவேண்டும். ஆயின் திருவிழாவில் இறைவன் தானே வெளியே வந்து வீதியில் நிற்பவர்க்கும், நோயாளர்க்கும், முதியோர்க்கும், அக்காலத்தில் ஆலயத்தினுள்ளே விடப்படாதிருந்தோர்க்குங் காட்சி கொடுக்கவேண்டும். தோளிற் சுமந்து செல்லவும், தேரிலேற்றவும், திருமஞ்சனமாட்டவும் ஏற்ற திருமேனி உலோகத் திருமேனியே. நாயன்மார் காலத்துப் பத்திப் பெருக்கோடு விழாக்கள் வளர, விழாக்களோடு செப்புத் திருமேனிகளும் வளர்ந்தன. பழைய உற்சவ மூர்த்திகளின் பீடத்திலே காணப்படும் வளையங்களும் துவாரங்களும், தண்டிகைக் கொம்பு கோத்துத் தூக்குவதற்கெனவே அமைந்தவை. அவ்வளையங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே காணும்போது அவை எதற்கென்று பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சோழர் காலத்தில் இக்கலை அடைந்த உயரத்தை உலகம் அறியும். பத்தாம் நூற்றாண்டிலே செம்பியன் மாதேவியார் ஊர்தோறுங் கற்றளி எடுப்பித்துத் திருமேனிகளும் ஈந்தார். இராசராசன் 1010 இல் நிறைவேற்றிய தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அரசனும் அவன் தமக்கையும் தேவியரும் அதிகாரிகளும் அளித்த உலோகத் திருமேனிகள் 60க்கு மேற்பட்டவை எனக் கல்வெட்டுக்களால் அறிகின்றோம். அக்கல்வெட்டுக்களைப் படிப்போர்க்கு வியப்பொன்றுண்டு. 'ஒரு விக்கிரகங் கொடுத்தான்' என்று பொதுப்பட எழுதி அமையாது, பாதத்திலிருந்து முடி வரை உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், திருக்கை எத்தனை, பீடம் எவ்வளவு, அணிந்த நகையில் முத்து எத்தனை என்றெல்லாங் கணக்குப்பிள்ளையின் நுணுக்கத்துடன் வெட்டிவைத்தனர். அத்தனை திருமேனிகளுள் இன்று அங்கே எஞ்சியுள்ளவை மிகச் சிலவே. கல்லில் எழுதிய கணக்கு நிற்க, பொருள் போயிற்று. இந்தக் கணக்கைப் பற்றிப் பின்னரும் பேசுவோம்.

திருமேனி வார்க்கும் முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையிலே தபதிகள் இன்றும் இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்துவருகின்றனர். வடிக்க வேண்டிய மூர்த்தியின் உயரத்துக்கு ஒரு தென்னோலைக் கீற்றை நறுக்கி, அதனை மடித்து மடித்துத் தாலப் பிரமாணப்படி முகம், கழுத்து, மார்பு, முழந்தாள் என்னும் அளவுகளை அதிலே குறித்துக்கொள்வர். பின்னர்த் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயுஞ் சேர்த்துக் காய்ச்சிப் பதமாக்கி, அம்மெழுகிலே திருவுருவத்தை முழுவதுஞ் செய்து முடிப்பர். விரலும் நகையும் சடையும் அனைத்தும் முதலில் மெழுகிலேயே. அதன்மேற் காவிரி வண்டலை நீரிற் குழைத்து மெல்லியதாகப் பூசி நிழலில் உலர்த்துவர்; இந்த முதற்பூச்சு மெழுகின் மயிரிழையையுந் தன்னிற் பதித்துக்கொள்ளும். அடுத்தடுத்த பூச்சுக்கள் மணல் கலந்து கனமாகும். இரும்புக் கம்பியாலும் இறுகக் கட்டுவர். வறட்டியடுக்கிச் சுடும்போது மெழுகு உருகித் துவாரத்தின் வழியே வெளியேறும். உள்ளே எஞ்சுவது வெறும் வெளி. அவ்வெளியிலே உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்து எடுத்து உளியும் அரமுங் கொண்டு செப்பஞ் செய்வர்.

வார்ப்புக்கு எவ்வளவு உலோகம் வேண்டுமென்பதை மெழுகை நிறுத்தே கணிப்பர். செம்பானால் மெழுகின் எடையைப்போல ஏறக்குறைய எட்டு ஒன்பது மடங்கு. மெழுகை நிறுத்து உலோகங் கணிக்கும் இம்முறையைச் சாளுக்கிய மன்னன் மூன்றாஞ் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' என்னும் 12 ஆம் நூற்றாண்டு நூலிலும் காணலாம். தென்னாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் உட்குடைவின்றிக் கனமாக வார்க்கப்படுபவை. அச்சை உடைத்தாலன்றி உருவம் வெளிப்படாது. மெழுகோ முன்னரே உருகிப்போயிற்று. எனவே ஒரு மெழுகுக்கு ஒரு திருமேனியே. அதனோடொத்த இரண்டாவது பிறப்பதற்கில்லை. கடைசியில் நல்ல நாள் பார்த்துப் பொன்னூசியினாற் கண் திறப்பர். கண் திறக்கும் வரை அது தபதியின் வேலைப்பாடு. கண் திறந்து, ஆலயத்திலே பிரதிட்டை செய்து, கும்பநீரால் அபிடேகமாட்டிய பின்னரே அது மூர்த்தம். சிற்பியின் பட்டறையிற் பத்துத் திருமேனிகள் வரிசையாக நின்றாலும் அங்கே எவரும் கற்பூரங் காட்டுவதில்லை என்பதை எள்ளி நகையாடுவோர் கவனித்திலர்.

இனி உலோகம். 'பஞ்சலோகம்' என்று வாய்க்கு வந்தபடி சொல்லுகின்றோம். பொன், வெள்ளி, செம்பு, பித்தளை, ஈயம் என்பர் ஒரு சாரார். வேறு பட்டியல்களும் உண்டு. பழைய சோழர் திருமேனிகளைச் சோதித்த அறிஞர், அவை பெரும்பாலுஞ் செம்பு என்றும், வெள்ளீயமுங் காரீயமுங் கலந்தவை என்றும், பொன்னும் வெள்ளியும் அணுவளவே என்றும் கண்டுள்ளனர். அதாவது அவை வெண்கலம். செம்போடு துத்தநாகஞ் சேர்ந்தால் அது பித்தளை. பித்தளை பிந்திப் பரவியதற்கு இயற்கைக் காரணமொன்றுண்டு. செம்பு உருகுவதற்கு 1,085 பாகை சென்றிகிறேட்டு வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். மூடிய கலங்களில் அவ்வாவியைப் பிடித்துக் குளிரவைக்கும் வித்தையை இராசத்தானத்து ஜாவர் என்னுமிடத்தார் நடுக்காலத்திலேயே பெருவாரியாகக் கையாண்டனர். அதன் பின்னர்ப் பித்தளை மலிந்தது. குத்துவிளக்கும் செம்பும் தாம்பாளமும் போல, சிறு தெய்வத் திருவுருவங்களும் பித்தளையில் எளியவர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. பொன்னிறத்தைக் காட்டும் மலிந்த உலோகம் அது. பொன்னாற் செய்விக்க வகையில்லாத தாய்மாருக்கு அந்நிறமே போதுமானதாயிருந்தது.

திருமேனிகளின் வரலாற்றிலே மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. படையெடுப்பு வரும்போது ஆலயத்தார் கல் மூர்த்தியைத் தூக்க இயலாது. உலோக மூர்த்திகளையாவது புதைத்தோ எடுத்துச் சென்றோ காப்பர். சிதம்பரத்து நடராசப் பெருமானே 1648 முதல் 1686 வரை தில்லையை விட்டு வேற்றூர்களிலே மறைந்திருக்க நேர்ந்தது. புதைத்தவர் மாண்டுபோக, இடமறிந்தோர் எவருமின்றிப் பல நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்த மூர்த்திகள் பல. உழவன் கொழுவிலும் கிணறு வெட்டுபவன் மண்வெட்டியிலும் அவை தட்டுப்படும். எமது ஈழநாட்டில் அவ்வாறு வெளிப்பட்ட இரு கூட்டத் திருமேனிகளின் கதையை ஒப்புநோக்குதல் தகும்.

முதலாவது பொலநறுவை. 993 ஆம் ஆண்டளவில் இராசராசன் படை இலங்கையின் வடபகுதியைக் கைக்கொண்டது. 1017 இல் இராசேந்திரன் காலத்தில் முழுத்தீவுஞ் சோழர் வசமாயிற்று. 1070 இல் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றும் வரை பொலநறுவை சனநாதமங்கலம் என்னும் பெயருடன் சோழர் தலைநகராய் விளங்கிற்று. அங்கு எழுந்த சிவாலயங்களுள் வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. சோழர் போனபின்னும் சிவவழிபாடு அங்கே அற்றுப்போகவில்லை. 1907, 1908 ஆம் ஆண்டுகளிற் புதைபொருளாராய்ச்சி ஆணையாளர் எச். சி. பி. பெல் அங்குள்ள சிவாலயச் சிதைவுகளை அகழ்வித்தபோது நடராசர், சிவகாமி, சமயகுரவர் முதலிய திருமேனிகள் வெளிவந்தன. 1960 இல் மற்றொரு சிவாலயச் சிதைவிலிருந்து இன்னுஞ் சில கிடைத்தன. அவை இங்கேயே வார்க்கப்பட்டனவா, சோழநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டனவா என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டாரில்லை.

அவற்றுள் எமது உள்ளத்தை ஈர்ப்பன இரண்டு. ஒன்று சுந்தரமூர்த்தி நாயனார்: மணக்கோலத்து அணிகளோடு, எதையோ கண்டு நின்றுவிட்டவர் போன்ற இளைஞர். மற்றையது காரைக்காலம்மையார்: எலும்புந் தோலுமாய் வற்றிய மேனி, கையிலே தாளம், முகத்திலே இன்பம். அழகைச் செம்பில் வடித்தல் வல்ல தபதிகளுக்கு அரிதன்று. அழகைத் துறந்த மேனியைத் தொழத்தக்கதாய் வடித்தவன் பெருந்துணிவினன். இத்திருமேனிகளை ஆனந்த குமாரசுவாமி 1914 இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்த நூலில் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். அவரின் மைத்துனரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலாம் உலக யுத்த காலத்தில் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் இவற்றையும் சிவவழிபாட்டின் தத்துவத்தையும் விளக்கி எழுதினார். ஒருவர் கலையென்னும் வாயிலாலும், மற்றவர் சித்தாந்தம் என்னும் வாயிலாலும் ஒரே திருமேனிகளிடம் வந்து சேர்ந்தனர். பாரிசிலே ரொடான் என்னும் பெருஞ்சிற்பி, சென்னை நூதனசாலை நடராசரின் படங்களைப் பார்த்தே ஒரு கட்டுரை வரைந்தார். அது 1921 இல் அச்சாயிற்று.

ஆயினும் பொலநறுவைத் திருமேனிகளுக்கு அபிடேகமில்லை, மலரில்லை, விழாவில்லை. நூதனசாலையின் கண்ணாடிக்குப் பின்னே இலக்கமிட்ட பொருள்களாய் நிற்கின்றன. காப்பாற்றியவர்களைக் குறைகூறுதல் நன்றியீனம். அவர்கள் எடுத்திராவிடின் அவை உருக்கப்பட்டிருக்கவுங் கூடும். இருந்தும், அக்கண்ணாடிக்கு முன்னே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கும் முதியோரை நாம் கண்டிருக்கின்றோம். பார்ப்பவர்க்கு அது சிரிப்பாய் இருக்கலாம். எமக்கு அது சிரிப்பாய்த் தோன்றவில்லை.

இரண்டாவது திருகோணமலை. 1622 ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டைன் டி சா கோணேசர் கோயிலை இடிப்பித்தான்; அதன் கற்கள் கோட்டைக்கு உதவின. ஆலயத்தாரோ அடியாரோ சில மூர்த்திகளை மண்ணுள் மறைத்தனர் போலும். 1950 இல் நகரசபையினர் கோயில் நின்ற இடத்துக்கு ஏறக்குறைய 500 யார் தொலைவிற் கிணறு வெட்டுங்கால் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலாய திருமேனிகள் வெளிப்பட்டன. இவை நூதனசாலைக்குச் செல்லவில்லை. மக்கள் அவற்றை ஊர்வலமாக எழுந்தருளச் செய்தனர். புதிதாய் அமைந்த கோயிலுக்கு 1963 இற் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. முந்நூறு ஆண்டுக்கு மேல் இருளிற் கிடந்த அதே உலோகத்துக்கு மீண்டும் பாலும் பன்னீரும் கிடைத்தன.

பொலநறுவைச் செம்புக்கும் திருகோணமலைச் செம்புக்கும் உலோக சாத்திரம் வேற்றுமை காணாது. வேற்றுமை ஒன்றே: ஒன்றைத் தன்னுடையது என்று கேட்டெடுக்க ஓர் ஊர் இருந்தது, மற்றதற்கு அந்த ஊர் இல்லாமற் போயிற்று. பொலநறுவையில் அவற்றுக்கு நாள்தோறும் விளக்கேற்றியோரின் வழித்தோன்றல்கள் எவரும் அருகிலிலர். மூர்த்தத்தை மூர்த்தமாக்குவது வார்ப்பு மாத்திரமன்று. அதனைப் பேணும் மக்கட் கூட்டமும் வேண்டும் என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று எமக்குத் தெரியாது.

வீட்டுக்குள்ளே வருவோம். ஆகமங்கள் ஆலய வழிபாட்டைப் பரார்த்தமென்றும், தனியொருவர் தம் பொருட்டுச் செய்யும் வழிபாட்டை ஆன்மார்த்தமென்றும் வகுத்தன. வீட்டில் வைக்கும் திருவுருவம் ஒரு சாணுக்கு மேற்படலாகாது என்பது பெரியோர் வழக்கு. பெரிய திருமேனிக்குப் பெரிய நியமம் வேண்டும். அன்றாடம் உழைத்துண்ணும் குடும்பத்துக்கு அது இயலாது. வெள்ளிக்கிழமை வருமுன் புளியுஞ் சாம்பலும் இட்டுப் பித்தளைப் பிள்ளையாரையும் குத்துவிளக்கையுந் துலக்கும் வேலை எம் வீடுகளில் இளையோர் தலையிலே விழுவது வழக்கம். பச்சைக் களிம்பு எளிதிற் போகாது. போனாலும் மறுவாரம் வந்து நிற்கும். உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சித்தாந்திகள் செம்பிற் களிம்பை உவமையாக எடுத்ததன் பொருத்தம், நூலிற் படித்தபோது விளங்கியதைவிடப் புளி பிசைந்த விரல்களுக்கே நன்றாய் விளங்கும்.

அண்மைக் காலத்திலே இன்னொரு வழக்கம் பெருகியுள்ளது. விறாந்தையிலே பூச்சாடிக்குப் பக்கத்தில் நடராசர். மேசைமேற் கடதாசி பறவாதிருக்கப் பிள்ளையார். இவற்றுட் பல உத்தரப் பிரதேசத்து மொரதாபாத், அலிகார் முதலிய நகரங்களிலே மணலச்சில் ஒன்றுபோல் நூறாக வார்க்கப்படுபவை. 'பித்தளை நகர்' எனப்படும் மொரதாபாத்தின் கைவினைஞருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதும் அறியத்தக்கது. அலங்காரத்துக்கென வைப்பதைப் பாவமென்று சிலர் கண்டிப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. 2004 இல் இந்திய அரசாங்கம் ஜெனீவா நகர்ப் பக்கத்துச் சேர்ன் ஆராய்ச்சி நிலையத்துக்கு அளித்த இரண்டு மீற்றர் உயர நடராசர் முற்றத்தில் நிற்கின்றார். அங்கே பூசையில்லை, அதனால் இகழ்ச்சியுமில்லை. பிரதிட்டையில்லாத உருவத்துக்குப் பூசை விடப்பட்ட குற்றமுமில்லை. எம்மை உறுத்துவது வேறு. பாட்டனார் நாள்தோறும் நீராட்டிப் பொட்டிட்ட திருவுருவம், அவர் போனபின் அலுமாரியின் மேலேறி, அடுத்த தலைமுறையில் பழைய பித்தளை வாங்குபவனின் தராசிலே ஏறுகின்றது. அதனை எவர் வாங்கினார், எவ்வூரிலிருந்து கொண்டுவந்தார், எத்தனை தலைமுறை விளக்கேற்றினர் என்பதை அப்போது சொல்லுவார் இல்லை. பொலநறுவையில் நடந்தது இங்கே ஒரு வீட்டளவில் நடக்கின்றது.

எழுதி வைத்தலின் பயனை இரு வழக்குகள் காட்டின. தஞ்சாவூர்ப் பகுதியிலுள்ள பத்தூரில் 1976 இல் மண்வெட்டிய தொழிலாளி ஒருவர் கண்டெடுத்த நடராசர், கைமாறிக் கைமாறி இலண்டனை அடைந்தார். வழக்கு 1988 இல் தீர்க்கப்பட்டு, 1991 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உறுதியாயிற்று. பாழடைந்த கோயிலாயினும் தன் மூர்த்தியைத் திருப்பிக் கேட்க உரித்துடையது என்பதை ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே பெருமான் நாடு திரும்பினார். சிரீபுரந்தான் என்னும் சிற்றூர்க் கோயில் நடராசரோ களவாடப்பட்டு, 2008 இல் ஏறக்குறைய 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தில் விலைப்பட்டார். அவர் அவ்வூர் மூர்த்தியே என்பதை நிலைநாட்ட உதவியவை, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். 2014 இல் அவரும் திரும்பினார். படமில்லாத மூர்த்திகள் எத்தனை போயினவோ!

ஆகையால் எம் சங்கத்து இளைஞர்முன் ஒரு வேலையை வைக்கின்றோம். ஊர்க் கோயில்களிலுள்ள உலோகத் திருமேனிகளை, குருக்களினதும் தருமகர்த்தாவினதும் அனுமதியோடு, ஆசாரங் குன்றாமல் ஒவ்வொன்றாய்க் குறித்துக்கொள்ளலாம்: பெயர், உயரம், திருக்கை எத்தனை, கையிலேந்தியவை எவை, பீடத்தில் எழுத்துண்டா, உபயகாரர் யார், எந்த ஆண்டு. முதியோர் நினைவில் இருப்பதை அவர்கள் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளலாம். வீட்டுத் திருவுருவங்களையும் விடவேண்டாம். ஒரு பிரதி கோயிலிலும் ஒரு பிரதி சங்க வாசிகசாலையிலும் இருக்கட்டும். கோயிற் பிரதியிற் படமும் ஒட்டப்படட்டும். தஞ்சைக் கல்வெட்டிலே இராசராசனின் அதிகாரிகள் அளந்த முறையையே பின்பற்றிப் பாதத்தினின்று முடிவரை அளக்கலாம். முழமும் விரலும் தெரியாதவர் அங்குலத்தில் எழுதலாம். வருகிற விடுமுறைக்குள் முதலிற் பிள்ளையார் கோயில்களை முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு மலரில் அப்பட்டியலை வெளியிட இடமுண்டாகும்.